மணலில் ஓட்டவும் கற்றுக்கொடுங்கள்: ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் உரிமையாளர்களுக்கும், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து எங்கள் பிள்ளைகளுக்கு வண்டி பழக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் எங்கள் தெருப் பையன் ஒருவன் இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். இருபத்து நான்கு வயது. ஓமானில் ஓர் அரபி வீட்டில் டிரைவர் வேலை கிடைத்திருக்கிறது, விசா வந்துவிட்டது, அடுத்த மாதம் பயணம் என்றான். காலைத் தொட்டுக் கும்பிட்டவனை எழுப்பி உட்கார வைத்து மூன்று கேள்விகள் கேட்டேன்.

"டயரில் எவ்வளவு காற்று வைப்பாய்?"

"பஞ்சர் கடையில் பார்த்து அடித்துவிடுவார்கள் பெரியப்பா."

"மணலில் முன்சக்கரம் புதைந்தால்?"

"ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்து வெளியே எடுத்துவிடுவேன்."

"நடுவழியில் வண்டி நின்றுவிட்டது. போனில் சிக்னல் இல்லை. என்ன செய்வாய்?"

"பக்கத்து ஊருக்கு நடந்து போய் ஆள் கூட்டி வருவேன்."

அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடலூருக்கு இவை சரியான பதில்கள்தாம். இங்கே எந்தப் பக்கம் நடந்தாலும் பத்து நிமிடத்தில் ஒரு டீக்கடை வரும், அதன் அருகிலேயே ஒரு பஞ்சர் கடையும் இருக்கும். ஆனால் அவன் போகிற இடத்தில் இரண்டாவது பதில் வண்டியைக் குழிக்குள் இறக்கும், மூன்றாவது பதில் ஆளைக் கொன்றுவிடும். அவன் உங்களில் ஒருவரிடம்தான் கார் கற்றான். நன்றாகவும் கற்றிருக்கிறான். எட்டுப் போடுகிறான், ரிவர்ஸ் எடுக்கிறான், லாரன்ஸ் ரோட்டு நெரிசலில் யாரையும் உரசாமல் போய் வருகிறான். மணலைப் பற்றி மட்டும் ஒருவரும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் 1998இல் ஓமானுக்குப் போய் 2017இல் திரும்பியவன். பத்தொன்பது ஆண்டுகள் அங்கே கார் ஓட்டினேன். பாலைவனம் என்றதும் பெரிய ஜீப்பும் மணல்மேட்டைத் தாண்டிப் பறக்கும் சாகசமும் உங்கள் நினைவுக்கு வரலாம். வீட்டு டிரைவர் கையில் அந்த ஜீப் வருவது அபூர்வம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி அர்பாபுடையது (முதலாளியை அங்கே அப்படித்தான் சொல்வோம்), அதை அவர்தான் ஓட்டுவார். நமக்குத் தருவது முன்சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரண செடான் கார். நம் ஊரில் டாக்சியாக ஓடுகிறதே, அதே வகை. தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவே ஏழு அங்குலம்கூட இருக்காது. ஆறு மாதம் அந்தக் காரில் பிள்ளைகளைப் பள்ளிக்கும் அம்மாவை மார்க்கெட்டுக்கும் கொண்டு விட்டு வருவோம். ஏழாம் மாதம் ஒரு நாள், "தோட்டத்துக்கு இந்த மூட்டையைக் கொண்டு போ" என்பார்கள். அல்லது ஒட்டகக் கொட்டிலில் இருக்கும் வேலையாளுக்கு அரிசியும் தண்ணீரும் கொடுத்துவிட்டு வரச் சொல்வார்கள். தார்ச்சாலை முடிந்த பிறகும் முப்பது, நாற்பது கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும்.

எனக்கு அந்த நாள் 2001 மே மாதத்தில் வந்தது. மஸ்கட்டிலிருந்து சினாவ் வழியாகத் தெற்கே இறங்கினால் மஹூத் என்ற ஊர். அதைத் தாண்டி மசீரா தீவுக்குப் படகு பிடிக்கும் ஷன்னா. வழியெல்லாம் கடலோரச் சமவெளி, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு மரம் கிடையாது. அர்பாபின் உறவினர் ஒருவருக்குச் சில காகிதங்களைக் கொடுத்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான் வேலை. தார் முடிந்து மண்சாலை தொடங்கியதும் வண்டி தடதடவென்று அதிரத் தொடங்கியது. சாலை முழுவதும் தகரக் கூரை போல வரிவரியாக மேடும் பள்ளமும். பல் கிட்டித்துப் போகும் அளவுக்கு அதிர்வு. சாலைக்குப் பக்கத்தில் பார்த்தால் வெள்ளை வெளேரென்று, சிமெண்டுத் தரை போல வழவழப்பான நிலம். அதன் மேல் ஏற்கெனவே யாரோ போன டயர் தடங்களும் இருந்தன. அவர்கள் போயிருக்கிறார்கள், நாமும் போகலாம் என்று ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டேன்.

இருநூறு அடி போயிருப்பேன். அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம். முன்பக்கம் தாழ்ந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் தெருப் பையன் சொன்னதைத்தான் செய்தேன். மிதித்தேன். சக்கரம் சுழன்று சுழன்று சாம்பல் நிறச் சேற்றை வாரி இறைத்தது. அரை நிமிடத்தில் வண்டியின் வயிறு தரையில் படிந்துவிட்டது. வெள்ளைத் தரைக்கு மேலே இருந்தது வெறும் உப்புப் பொருக்கு, கீழே இருந்தது ஈரக் களி.

அதற்கு அங்கே 'சப்கா' என்று பெயர். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் தாழ்ந்த நிலம் அது. வெயில் அந்த நீரை உறிஞ்ச உறிஞ்ச உப்பு மேலே தங்கி ஓடாக இறுகும். ஓட்டுக்குக் கீழே ஈரம் காய்வதே இல்லை. ஓமானின் மேற்கு எல்லையில், ரப் அல் காலி பாலைவனத்தின் ஓரம், 'உம் அஸ் ஸமீம்' என்ற பெரிய சப்கா இருக்கிறது. அதன் பெயரைச் சொன்னால், பாலைவனத்திலேயே வாழும் பதூக்களே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். இதைப் புரியவைக்க நமக்குப் பாலைவனம்கூடத் தேவையில்லை. மரக்காணம் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கும், கோடையில் மேலே வெடித்துக் காய்ந்த ஏரியில் குறுக்கே நடந்து முழங்கால் வரை புதைந்தவர்களுக்கும் இது தெரிந்த சங்கதி. மாட்டுக்காரச் சிறுவன் கால் வைக்கும் முன் குச்சியால் குத்திப் பார்ப்பான். நான் ஒன்றரை டன் இரும்போடு குத்திப் பார்க்காமல் போனேன்.

அப்போது காலை பதினொரு மணி. என்னிடம் இருந்தது ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒன்று, அதிலும் பாதி தீர்ந்திருந்தது. கைப்பேசி இருந்தாலும் அங்கே பயன் இல்லாத காலம். ஒரு மணி நேரம் கையால் தோண்டினேன். பிறகு சாலையை நோக்கி நடக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். கொஞ்ச தூரத்தில் திரும்பிப் பார்த்தால் காரைக் காணவில்லை. வெள்ளைக் கார், வெள்ளைத் தரை, நடுவே கானல். அந்தக் கணத்தில் வயிற்றில் விழுந்த பயத்தை இன்றும் என்னால் சொல்லில் வைக்க முடியவில்லை. என் காலடித் தடம் அந்தப் பொருக்கில் பதிந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே திரும்பி வந்து சேர்ந்தேன். அந்தத் தடம் இல்லாமல் இருந்திருந்தால் இந்த மடலை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

மாலை நாலு மணிக்கு ஒரு பதூ முதியவர் பழைய பிக்கப்பில் வந்தார். அசையாமல் நிற்கிற வண்டி ஒன்று தூரத்தில் தெரிந்ததால் பார்க்க வந்ததாகச் சொன்னார். நடந்துபோகும் ஒரு மனிதன் அவர் கண்ணில் பட்டிருக்கவே மாட்டான். என் பெயரைக் கேட்கவில்லை, எந்த நாடு என்று கேட்கவில்லை. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. வெறும் பாட்டிலைக் காட்டினேன். தன் தோல்பையிலிருந்து ஊற்றிக் கொடுத்து, மெதுவாகக் குடிக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு டயராக உட்கார்ந்தார். வால்வு மூடியைக் கழற்றி, சாவி முனையால் ஊசியை அழுத்தி, விரலால் டயரின் பக்கச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக் காற்றை இறக்கினார். பம்பருக்கு அடியில் குவிந்திருந்த சேற்றைச் சிறிய மண்வெட்டியால் வாரினார். காரின் மிதியடிகளையும் தன் வண்டியில் விரித்திருந்த கம்பளத்தையும் சக்கரங்களுக்குப் பின்னால் திணித்தார். தன் வண்டியைக் கெட்டித் தரையில் நிறுத்திக்கொண்டு நீளக் கயிறு கட்டி, வந்த தடத்திலேயே என் காரைப் பின்னால் இழுத்தார். இருபது நிமிட வேலை. ஐந்து மணி நேரம் நான் சாவோடு உட்கார்ந்திருந்தது அந்த இருபது நிமிட வேலை தெரியாததால்.

ஆசிரியர்களே, அந்த இருபது நிமிடத்தைத்தான் எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்கிறேன்.

முதலில் காற்று. சாதாரணக் காருக்குத் தார்ச்சாலையில் ஏறக்குறைய 32 பி.எஸ்.ஐ. வைக்கிறோம். இளகிய மணலில் அந்த அழுத்தத்தோடு இறங்கினால் டயர் கத்தி போல வெட்டிக்கொண்டு உள்ளே போகும். 18க்குக் குறைத்தால் டயர் சப்பையாகி, தரையைத் தொடும் பரப்பு நீளும். மாட்டு வண்டிச் சக்கரம் புதையும் இடத்தில் ஒட்டகத்தின் பாதம் புதையாததற்கும் காரணம் இதுதான்: பாரம் பரந்து இறங்குகிறது. 15க்குக் கீழே போனால் வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். காற்றைக் குறைத்த பிறகு வேகமும் கூடாது, சட்டென்று திருப்புவதும் கூடாது. கெட்டித் தரைக்கு வந்ததும் மீண்டும் காற்றடிக்காமல் வேகம் எடுக்கவே கூடாது. 18 பி.எஸ்.ஐ. டயரோடு தார்ச்சாலையில் நூறில் பறந்தால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். புதைந்து செத்தவர்களைவிட இப்படிக் கவிழ்ந்தவர்களைப் பற்றித்தான் நான் அங்கே அதிகம் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆகவே சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்னக் காற்று பம்ப்பும், பேனா அளவிலான அழுத்தமானியும் காரில் கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தாலும் ஒரு டயரின் விலை வராது.

காற்றை எப்போது அளப்பது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். காலையில், வண்டி ஓடுவதற்கு முன் அளக்க வேண்டும். வெப்பம் பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் டயருக்குள் ஒன்றரை பி.எஸ்.ஐ.க்கு மேல் கூடிவிடும். நண்பகலில் அளந்துவிட்டு, அதிகமாக இருக்கிறதே என்று இறக்கிவிட்டால், இரவில் காற்றில்லாத டயரோடு ஓட்டுவான். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இதைப் படிக்கத் தெரியும்? பூக்கள் தேயாமல் புதிது போல் இருக்கும் டயர் அந்த வெயிலில் உள்ளே மக்கிப் போயிருக்கும். பார்வைக்குத் தெரியாது, அந்த எண்ணில்தான் தெரியும்.

மணலில் ஓட்டுவதற்குக் கை கால்களின் பழக்கமே வேறு. நீங்கள் பிரேக்கை மதிக்கக் கற்றுக்கொடுக்கிறீர்கள், அது சரி. மணலில் பிரேக் போட்டால் சக்கரத்தின் முன்னால் மணல் அணை போலக் குவிந்து நிற்கும், மறுபடி கிளம்ப அதையே ஏற வேண்டும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே போதும், வண்டி தானாக நிற்கும். நிற்பதும் இறக்கத்தைப் பார்த்து நிற்க வேண்டும். மணலுக்குள் இறங்கும் முன்பே கியரை மாற்றிவிட வேண்டும், நடுவில் கிளட்சை மிதித்தால் ஓட்டம் செத்துவிடும். சக்கரம் வீணாகச் சுழல்கிறது என்று காதில் பட்ட உடனே, ஒரு நொடிகூடத் தாமதிக்காமல், காலை எடுக்க வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கடினம். மனிதனின் கால் அந்த நேரத்தில் மிதிக்கத்தான் பார்க்கும். புத்தகத்தில் படித்து அந்தக் கால் அடங்காது, பத்து முறை மணலில் புதைத்து எடுத்தால்தான் அடங்கும். இறங்கிப் போய்ப் பார், ஸ்டியரிங்கை நேராக்கு, காற்றைக் குறை, மணலை வார், வந்த வழியே பின்னால் எடு. முன்னால் போகாதே. நீ வந்த தடம் உன்னைத் தாங்கியது என்று உனக்குத் தெரியும், முன்னால் இருப்பதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஜாக்கி பற்றி ஒரு சொல். டயரை மாற்ற நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மணலில் ஜாக்கியை வைத்தால் வண்டி மேலே வராது, ஜாக்கிதான் கீழே போகும். ஓரடிக்கு ஓரடி பலகைத் துண்டு ஒன்று டிக்கியில் இருந்தால் ஒரு உயிர் பிழைக்கும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்க்கிற பழக்கத்தையும் உங்கள் முதல் நாள் பாடத்தோடு சேர்த்துவிடுங்கள்.

வரிவரியான சாலை பற்றி மேலே சொன்னேன். அது யாரும் போட்டு வைத்ததில்லை, சக்கரங்கள்தான் அதைச் செய்கின்றன. ஒரு வேகத்துக்கு மேல் போகும் சக்கரம் சின்ன மேட்டில் துள்ளி, விழுந்த இடத்தைக் குழியாக்குகிறது. அடுத்த சக்கரம் அதே குழியை ஆழமாக்கும், இப்படியே மைல் கணக்கில் வரிகள் விழுந்துவிடும். எண்பதில் ஓட்டினால் வரிகளின் உச்சியிலேயே மிதந்து போகலாம் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். பெரிய வண்டிக்கு அது ஓரளவு நடக்கும். சின்னக் காரில் அப்படி ஓட்டினால் டயர் தரையில் பாதி நேரம்தான் படும், வளைவு வந்தால் எண்ணெய்த் தரையில் வழுக்குவது போலப் போகும். முப்பது, நாற்பதில் பொறுமையாகப் போக வேண்டும். பண்ணுருட்டி முந்திரிக்காட்டுச் செம்மண் சாலைகளில் லாரி ஓடும் தடங்களிலும் இதே வரிகள் இருக்கின்றன, அங்கே கூட்டிப்போய்க் காட்டலாம். கற்கள் கிடக்கும் தடத்தில் சக்கரத்தைக் கல்லின் மேல் ஏற்றினாலும் ஏற்றலாம், கல்லை வண்டியின் வயிற்றுக்கு அடியில் விடக் கூடாது. ஆயில் சேம்பர் அங்கேதான் தொங்குகிறது. ஒரு கூரான கல் போதும், ஆயில் கொட்டிவிடும். ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் ஊர் வந்துவிடும் என்று ஓட்டினால் என்ஜின் இறுகிவிடும்.

சூடு ஏறினால் ஏசியை நிறுத்திவிட்டு ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடு என்று சொன்னால் பையன்கள் நம்ப மாட்டார்கள். என்ஜினின் சூட்டை அது வெளியே இழுக்கும் என்று காரணத்தோடு சொல்லுங்கள், மறக்க மாட்டார்கள்.

மணற்புயல் வந்தால் சாலையை விட்டு முழுதாக விலகி நிறுத்த வேண்டும், விளக்குகளை அணைக்க வேண்டும், பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும். பின்னால் வருபவன் நம் சிவப்பு விளக்கைப் பார்த்து அதுதான் சாலை என்று நம்பி வந்து மோதுவான். இது எனக்கு முதலில் தலைகீழாகத் தோன்றியது. நின்றிருந்த வண்டியின் மேல் வேறொரு வண்டி ஏறியிருந்ததை ஒருமுறை கண்ணால் பார்த்த பிறகு எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒட்டகத்தை மாடு என்று நினைத்துவிடக் கூடாது. நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் மாடு படுத்திருக்கும், மோதினால் பம்பர் போகும். ஒட்டகத்தின் கால்கள் நீளம், உடல் உயரத்தில் இருக்கிறது. தாழ்ந்த காரின் மூக்கு கால்களைத் தட்டிவிடும், நானூறு, ஐந்நூறு கிலோ உடல் நேரே முன்கண்ணாடியில் வந்து விழும், முன்னிருக்கையில் இருப்பவர்கள் பிழைப்பது அரிது. மணல் நிறத்திலேயே இருப்பதால் விளக்கொளியில் கடைசி நொடிவரை தெரியாது. முடிந்தவரை இரவில் ஓட்டாதே என்று சொல்லுங்கள். ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால், விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்துக்கு மேல் போகக் கூடாது.

பிறகு 'வாதி'. மழை பெய்தால் மட்டும் ஓடும் காட்டாறு. வானம் தெளிந்திருக்கும், ஆற்றுப்படுகை காய்ந்து கிடக்கும், சாலை அதன் குறுக்கே இறங்கி ஏறும். எங்கோ மலையில் பெய்த மழை அரை மணியில் சுவர் போல வந்து நிற்கும். இதைக் கடலூர்க்காரனுக்கு விளக்க வேண்டுமா? 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை நம் ஊருக்குள் வந்தது நம் தலைமேல் பெய்த மழையால் மட்டுமல்ல. மேலே சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட்டார்கள், அது இங்கே வந்து நிமிர்ந்தது. 2015 வெள்ளத்தையும் பார்த்தவர்கள் நாம். ஆறு எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும். ஆனாலும் அங்கே போனதும் முழங்கால் தண்ணீர்தானே என்று வண்டியை இறக்கிவிடுகிறோம். ஓர் அடி ஓடும் தண்ணீர் சின்னக் காரை மிதக்கவைக்கும், இரண்டடி பெரும்பாலான வண்டிகளை உருட்டிக்கொண்டு போகும். 2024 ஏப்ரலில் ஓமானில் வந்த வெள்ளத்தில் பள்ளிப் பிள்ளைகளோடு வந்த வண்டி அடித்துச் செல்லப்பட்டது. ஓடும் வாதிக்குள் வேண்டுமென்றே வண்டியை இறக்குவது அந்த நாட்டில் சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். அதைக்கூட நம் பிள்ளைகள் அங்கே போய்த்தான் கேள்விப்படுகிறார்கள்.

இவ்வளவும் கருவிகளும் கைப்பழக்கமும். இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. எங்கள் பையன்கள் பயந்து போகிறார்கள். அர்பாப் போ என்றால் போக வேண்டும், முடியாது என்றால் வேலை போய்விடும், கடன் வாங்கிக் கட்டிய பணம் போய்விடும் என்ற பயம். நானும் அந்தப் பயத்தில்தான் ஷன்னாவுக்குப் போகும் வழியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் கிளம்பினேன். அனுபவம் வந்த பிறகு ஒன்று தெரிந்துகொண்டேன். காரணத்தோடு சொன்னால் பெரும்பாலான அர்பாபுகள் கேட்பார்கள். அவர்களும் அந்த மணலில் பிறந்தவர்கள், நம்மைவிட அவர்களுக்கு மணலிடம் மரியாதை அதிகம். 'ரமல்' என்றால் மணல், 'மாய்' என்றால் தண்ணீர், 'மாஃபி' என்றால் இல்லை. இந்த மூன்று சொற்களை வைத்துக்கொண்டே, "இந்தக் கார் அந்த வழியில் போகாது, பெரிய வண்டியைக் கொடுங்கள்" என்று புரியவைத்துவிடலாம். திரும்பி வருவது தோல்வி இல்லை என்று ஆசிரியர் வாயால் ஒருமுறை கேட்டுவிட்டுப் போனவனுக்கு, அங்கே தனியாக நிற்கும்போது அந்தக் குரல் துணைக்கு வரும். வண்டியைத் திருப்பு என்று ஒரு பெரியவர் எனக்குச் சொல்லியிருந்தால் நான் திருப்பியிருப்பேன்.

கடைசிப் பாடம், நின்றுவிட்ட பிறகு என்ன செய்வது என்பது. வண்டியை விட்டு நகராதே. தேடி வருபவர்கள் கண்ணில் கார் படும், ஆள் படமாட்டான். வெயிலில் காருக்குள் உட்காராதே, அதன் நிழலில் உட்கார். நடக்கிற ஒவ்வொரு அடியும் வியர்வை, வியர்வை என்றால் தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டராவது வேண்டும், கோடையில் பத்து வைத்துக்கொள். கிளம்பும் முன் எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ. பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க விடாதே, மணலில் வண்டி அதிகம் குடிக்கும். கைப்பேசி வந்துவிட்டதால் இதெல்லாம் பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2024 ஆகஸ்டில்கூட ரப் அல் காலியில் வழிகாட்டிக் கருவி கைவிட்டு, எரிபொருள் தீர்ந்து, கைப்பேசியும் அணைந்து, இந்தியத் தொழிலாளி ஒருவரும் உடன் சென்றவரும் வண்டியருகே இறந்து கிடந்தார்கள். ஓமானில் 9999, அமீரகத்தில் 999 என்ற அவசர எண்கள் சிக்னல் இருக்கும் இடத்தில்தான் உதவும். சிக்னல் இல்லாத இடத்துக்குத் தண்ணீரும், சொல்லிவிட்டு வந்த ஒரு மனிதனும்தான் துணை.

மோட்டார் வாகன விதிகளின்படி சொந்த வண்டி ஓட்டக் கற்பவருக்குக் குறைந்தது இருபத்தொரு நாள் பயிற்சி, அதில் பத்து மணி நேரமாவது வண்டியோட்டம் என்று வைத்திருக்கிறார்கள். அதில் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. வளைகுடாவுக்குப் போகிறேன் என்று சொல்லும் மாணவருக்கு மட்டும் அதற்கு மேல் ஓர் அரைநாள் கொடுங்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு அரசு நடத்தும் புறப்பாட்டுப் பயிற்சியில் ஒப்பந்தம், சம்பளம், 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு எல்லாம் சொல்கிறார்கள், நல்லது. காப்பீட்டுப் பணம் யாருக்கு வரும் என்று சொல்லிக்கொடுப்பதைப் போல, அது வராமல் இருக்க என்ன செய்வது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். ஸ்டியரிங்கில் கை வைத்துச் சொல்லித்தர உங்களால்தான் முடியும். பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம், காரைக்கால் என்று வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பாத ஊர் நம் பக்கம் எது? உங்கள் வகுப்பில் உட்காரும் பிள்ளைகளில் யார் போகிறார்கள் என்று கேட்டாலே தெரிந்துவிடும்.

இடம் எங்கே என்று கேட்பீர்கள். தேவனாம்பட்டினம் கடற்கரையில் வேண்டாம். பங்குனி ஆமைகள் முட்டையிடும் மணல் அது, குழந்தைகள் விளையாடும் இடமும் கூட. முதுநகருக்குத் தெற்கே கடலோரச் சவுக்குத் தோப்புகளில் வண்டித்தடங்கள் இருக்கின்றன, கணுக்கால் புதையும் மணல். என் நண்பர் தன் தோப்பைத் தர ஒத்துக்கொண்டிருக்கிறார். மரம் வெட்டிய பகுதியில் ஒரு ஏக்கர் வெறும் மணலாகக் கிடக்கிறது. உங்கள் பயிற்சிக் காருக்கு ஒன்றும் ஆகாது, அதற்கு நான் பொறுப்பு. கிளட்ச் தேய்ந்தால் செலவு என்று யோசிப்பவர்களுக்காக என் பழைய காரையே கொடுக்கிறேன், அது எவ்வளவு புதைந்தாலும் பரவாயில்லை.

எங்கள் தெருப் பையனுக்கு நான் தொடங்கிவிட்டேன். போன ஞாயிறு நான்கு முறை புதைத்தான். மூன்று முறை மிதித்தான், நான்காவது முறை காலை எடுத்தான். இறங்கி, சாவியால் வால்வை அழுத்தி, அழுத்தமானியில் 18 என்று படித்துச் சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு இன்னும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. அந்த மூன்று நாளும் காலை ஆறு மணிக்கு, மணல் குளிர்ந்து இறுகி இருக்கும்போது தொடங்கி, வெயில் ஏறி அது இளகுகிற பத்து மணி வரை தோப்பில் இருப்போம். ஆசிரியர்கள் வாருங்கள். போகப்போகிற மாணவர் யாராவது இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். மண்வெட்டியும் பலகையும் காற்று பம்ப்பும் என்னிடம் இருக்கின்றன. குடிக்கத் தண்ணீர் மட்டும் ஆளுக்கு ஐந்து லிட்டர் கொண்டு வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓமானில் பத்தொன்பது ஆண்டுகள் கார் ஓட்டிய ஓர் ஓட்டுநர்
கடலூர் முதுநகர்